அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை

(கோவில்பட்டியில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'ராக் டிரம்மர்' என்று போட்டிருக்கிறீர்கள். கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கொடை மேடைகளில் இருபத்தைந்து வருடம் டிரம்ஸ் வாசித்தவன் நான். ஊர்க்காரர்கள் அதை 'டிரம் செட்டு' என்பார்கள். யாரும் ராக் என்று சொன்னதில்லை. ஆனாலும் அந்தப் பட்டத்தை நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. ராக் டிரம்ஸ் பிறந்த தெருவுக்கும் நான் பிறந்த தெருவுக்கும் நிறைய சொந்தம் இருக்கிறது.

இன்று நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. கொட்டுக்கு மரியாதை வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். கொட்டுகிறவருக்கு வந்துவிட்டதா? இதைச் சோதித்துப் பார்க்க என்னிடம் மூன்று அளவுகோல்கள் உண்டு. அவரால் வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறதா? வந்தால் கூலியை அவர் பேசி முடிவு செய்கிறாரா? வாசித்ததில் அவருடைய பெயர் இருக்கிறதா? மறுப்பு, கூலி, பெயர். இந்த மூன்றும் இல்லாத மரியாதை வெறும் கைதட்டல்தான்.

என் தாத்தா தப்படித்தவர். எங்களுடையது அருந்ததியர் தெரு. இன்று மேடைகளும் புத்தகங்களும் பறை என்று சொல்வதை எங்கள் பக்கம் தப்பு, கொட்டு என்றுதான் சொல்வோம். மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்கிய சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். இடது கையில் மெலிந்த மூங்கில் குச்சி, அது சிண்டுக்குச்சி. வலது கையில் பூவரசங்கட்டையில் செதுக்கிய குட்டையான அடிக்குச்சி. அடிப்பதற்கு முன்னால் தோலைத் தீயில் காய்ச்ச வேண்டும். நஞ்சைப் பக்கம் வைக்கோல் கொளுத்துவார்கள். கரிசலில் வைக்கோல் ஏது? சோளத்தட்டையும் பழைய காகிதமும்தான்.

தாத்தாவின் வேலை என்ன தெரியுமா? ஊரில் யார் இறந்தாலும் வெளியூர்ச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்ல வெயிலில் நடக்க வேண்டும். திரும்பி வந்து துஷ்டி வீட்டு வாசலில் நின்று, பாடை எடுக்கும்வரை அடிக்க வேண்டும். சுடுகாடு வரை முன்னால் போக வேண்டும். ஊர்க்கூட்டம் என்றால் தமுக்கு. பங்குனிப் பொங்கல் என்றால் சாமிக்கு முன்னால் கொட்டு. சாமிக்கு முன்னால் நடக்கலாம், சாமி இருக்கும் கோயில் படி ஏறக் கூடாது.

இதற்கெல்லாம் களத்துமேட்டில் ஒரு பங்கு தானியம் கொடுப்பார்கள். கம்போ சோளமோ சில மரக்கால். அந்தப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா தோழர்களே? 'சுதந்திரம்'. ஊர்த்தொழில் செய்த எல்லாச் சாதிகளுக்கும் கிடைத்த பங்குக்கு அதுதான் பெயர். சுதந்திரம் வாங்கினால் சுதந்திரம் கிடையாது. நேரம், நாள், எவ்வளவு நேரம் அடிப்பது, எதற்கு அடிப்பது, எதையும் பேச முடியாது. மானாவாரி பூமி இது. மழை பொய்த்தால் களம் இல்லை. களம் இல்லையென்றால் தானியமும் இல்லை. சாவு மட்டும் மழை பார்த்து வராது. பஞ்ச வருடத்திலும் தாத்தா அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தக் கயிறு எப்படிப்பட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் மிகச் சரியாகப் பார்த்தார். மகாராஷ்டிரத்தில் மகர்களுக்கு 'வத்தன்' என்று ஒன்று இருந்தது. துண்டு நிலமும் தானியப் பங்கும் கொடுத்துவிட்டு, இரவு பகல் பாராமல் ஊர் வேலை வாங்குவது. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அதை மாற்ற அவர் மசோதா கொண்டுவந்தார். அதை உரிமை என்று நம்பிப் பிடித்துக்கொண்டிருந்த சொந்த மக்களிடமே, உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு இதுதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் சுதந்திரமும் அதே கயிறுதான்.

என் அப்பா அந்தக் கயிற்றைப் பாதி அறுத்தார். கோவில்பட்டியில் ஒரு பேண்ட் செட்டில் சேர்ந்து சைடு டிரம் அடித்தார். அதே கை, அதே குச்சி பிடிக்கும் பழக்கம். ஆனால் சட்டை உண்டு, தொப்பி உண்டு, கல்யாண வீட்டுக்காரர் முதலில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இத்தனை மணிக்கு ஆரம்பம், இத்தனை மணிக்கு முடிவு. தப்புக்கும் பேண்டுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் தாளத்தில் இல்லை, அந்த அட்வான்ஸில் இருந்தது.

நான் பத்தாவதை முடித்துவிட்டு ஓர் இன்னிசைக் குழுவில் பெட்டி தூக்கும் பையனாகப் போனேன். டெம்போவில் ஸ்பீக்கர் ஏற்றுவேன், மேடையில் செட்டைப் பூட்டுவேன், பகலில் யாரும் இல்லாதபோது வாசித்துப் பார்ப்பேன். வலது காலில் பேஸ் டிரம், இடது காலில் ஹை-ஹேட், நடுவில் ஸ்நேர். நாலு எண்ணிக்கையில் இரண்டாவதும் நாலாவதும் ஸ்நேரில் விழ வேண்டும் என்று குழுவின் டிரம்மர் சொல்லிக்கொடுத்தார். ஒரு சித்திரை மாதம் அவருக்குக் காய்ச்சல். நான் உட்கார்ந்தேன். அன்று கிடைத்தது 75 ரூபாய். ரூபாயைவிட இன்னொன்று நினைவிருக்கிறது. அறிவிப்பாளர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் மைக்கில் சொல்லப்பட்ட முதல் பெயர் அது.

1996இல் நடந்ததைச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்து வீடு வீடாகச் சூறையாடிய அடுத்த வருடம். கரிசல் ஊர்களில் எல்லாம் இறுக்கம் தளராத நேரம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க் கொடையில் கச்சேரி முடிந்து செட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்தார். "ஏலே, நீ கீழத்தெரு ஆளு பேரன்தானே? நல்லாத்தான் அடிக்கே. எங்க பெரியப்பா தவறிட்டாரு. நாளைக்கு எடுக்கணும். தாத்தாவையும் கூட்டிட்டு நீயும் வந்துரு" என்றார். ராத்திரி முழுக்க நான் வாசித்ததற்குக் கைதட்டியவர் அவர். விடிந்ததும் நான் அவர் கண்ணுக்கு வேறு ஆளாகிவிட்டேன். "வரலய்யா. தாத்தாவும் இனிமே வரமாட்டாரு" என்றேன்.

அடுத்த வெள்ளாமைக்கு எங்கள் வீட்டிலிருந்து பருத்தி எடுக்க யாரையும் கூப்பிடவில்லை. புஞ்சைப் பக்கம் எங்கள் ஆடுகள் வரக் கூடாது என்றார்கள். கடையில் கடன் நின்றது. இந்த இடத்தில் வீர வசனம் பேச எனக்கு விருப்பமில்லை. நாங்கள் பட்டினி கிடக்காததற்கு ஒரே காரணம், அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதுதான். கம்பெனி வேன் விடியற்காலையில் வரும். பெட்டி ஒட்டிய கணக்குக்கு வாரக் கூலி. குறைந்த கூலிதான். இந்தத் தொழில் எத்தனை பிள்ளைகளின் படிப்பைத் தின்றது என்பதும் நமக்குத் தெரியும். அதைப் புகழவில்லை. ஆனால் அந்தக் கூலி ஊர்க்காரர் கையிலிருந்து வரவில்லை. அதனால்தான் எங்களால் மறுக்க முடிந்தது. மறுப்பதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. அடுத்த வாரம் சோறு போட வேறொரு கூலி வேண்டும். இதை இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது.

இப்போது உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிக்கொண்டு போகிறேன். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம். அங்கே 1924இல் பிறந்த கறுப்பினக் கலைஞர் எர்ல் பாமர். ராக் இசையின் டிரம்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று கையால் எழுதிக்காட்டிய ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன். அம்மா நாடகக் குழுவில் ஆடியவர். பையன் ஐந்து வயதிலேயே மேடையில் காலால் தாளம் போட்டு ஆடினான். இரண்டாம் உலகப் போரில் நிறப் பாகுபாடு நிறைந்த ராணுவத்தில் குண்டு, தோட்டா சுமக்கும் பிரிவில் வேலை. போர் முடிந்ததும் படைவீரர்களுக்கான அரசு உதவியில் இசைப் பள்ளியில் சேர்ந்து இசைக்குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டோமினோவின் 'தி ஃபேட் மேன்' ஒலிப்பதிவில் டிரம்ஸ் அவர். 1955இல் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ருட்டி'யிலும் அவர்தான். இரண்டும் நாலும் ஸ்நேரில் இடிப்பது அதற்கு முன்பே இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் பேண்டுகள் பாட்டின் கடைசிச் சுற்றில் மட்டும் அப்படி அடிப்பார்கள். எர்ல் பாமர் அதைப் பாட்டின் தொடக்கத்திலிருந்தே கொண்டுவந்தார். கொடை மேடையில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இரண்டும் நாலும் அங்கிருந்து வந்தது.

அந்தத் தெரு பேண்டுகள் எதற்கெல்லாம் வாசித்தன? சாவுக்கும் வாசித்தன. ஸ்நேரின் கம்பியைத் தளர்த்தி, ஒலி மங்கிய தாளத்தோடு மெதுவாகக் கல்லறைக்கு நடப்பார்கள். அடக்கம் முடிந்ததும் கம்பியை இறுக்கித் துள்ளலாக வாசித்துக்கொண்டு திரும்புவார்கள். தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். சாவுக்குக் கொட்டுவது அங்கே இழிவில்லை. ஏனென்றால் அது அவர்களுடைய சாவு. பேண்டை அழைத்ததும் பணம் கொடுத்ததும் அவர்களே சேர்த்து நடத்திய உதவிச் சங்கங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்தபோது கொட்டு முழக்கத்தோடு அணிவகுத்தார்கள். அடுத்த ஆண்டே அடிமைகள் முரசு அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அங்கே அடிக்காதே என்றது அதிகாரம். இங்கே அடி என்றது அதிகாரம். இரண்டு இடத்திலும் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை அடிக்கிறவர் முடிவு செய்யவில்லை.

எர்ல் பாமர் 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார். அவர் வாசித்த இசைத்தட்டுகள் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் கிடையாது. உலகமே ஆடிய தாளம், அடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது 2000இல்தான். அப்போது அவருக்கு 75 வயது. 2008இல் இறந்தார்.

ஆனால் பெயருக்காகக் காத்திருந்த அத்தனை வருடமும் அவர் பட்டினி கிடக்கவில்லை. காரணம் இசைக்கலைஞர் சங்கம். ஒரு பதிவுக்கு இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி என்று சங்கம் நிர்ணயித்திருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை என்று இருந்ததைப் போராடி 1953இல் ஒன்றாக்கினார்கள். அந்த ஒன்றான சங்கத்தின் பொருளாளராக 1982இல் எர்ல் பாமர் தேர்ந்தெடுக்கப்பட்டார். டிரம்ஸ் அடித்த கை சங்கத்தின் கணக்கு நோட்டைப் பிடித்தது. அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எந்தப் பாட்டும் இல்லை, இதுதான்.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். சிலர் சொல்வார்கள், தப்பில் மாட்டுத்தோல் இருக்கிறது, அதனால்தான் தீட்டு என்று. டிரம் செட்டில் தோல் இல்லை என்பது உண்மைதான். 1957 வாக்கில் பிளாஸ்டிக் முகப்பு வந்துவிட்டது. ஆனால் மிருதங்கத்தில் தோல் இருக்கிறதே? மாடு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் அதற்கு வேண்டும். அது கோயிலுக்குள்ளும் போகிறது, சபாவுக்கும் போகிறது. அந்தத் தோலைப் பதமாக்கி மிருதங்கம் கட்டுகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். நூல் வெளியீட்டுக்கு முதலில் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் உள்ளே போகலாம், தோலைத் தொட்டவர் வரலாறு உள்ளே போகக் கூடாது. ஆகவே தீட்டு தோலில் இல்லை. அது யாருடைய கை என்பதில்தான் சாதி கண் வைத்திருக்கிறது.

கடந்த முப்பது ஆண்டுகளில் மேடை மாறியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. 1990களில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலைவிழாக்கள் பறையை நடு மேடைக்குக் கொண்டுவந்தன. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் முறையாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வைத்த பெயரின் தொடர்ச்சி அது. அந்த மேடையில் ராக் டிரம் செட்டும், பறையும், சட்டியும், கட்டமோளமும் ஒரே வரிசையில் இருந்தன. பாடப்பட்ட கானா, வடசென்னையின் சாவு வீடுகளில் வளர்ந்த பாட்டு. என் தாத்தாவின் வாத்தியமும் என் வாத்தியமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதை அங்கேதான் முதலில் பார்த்தேன். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள்.

அதே நேரத்தில் 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக நடித்த நெல்லை தங்கராஜை நினைத்துப் பாருங்கள். பெண் வேடமிட்டு ஊர் ஊராக ஆடிய கலைஞர். 2018இல் அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. படம் கொண்டாடப்பட்ட பிறகும் அவர் வறுமையில்தான் வாழ்ந்தார். 2023இல் இறந்தார். கண்ணீர் நிறைய வந்தது, கூலி வரவில்லை.

இனி, நம் கூட்டங்களில் அடிக்கடி வரும் விவாதத்துக்கு வருகிறேன். பறையை விட்டுவிட வேண்டுமா, மீட்டெடுக்க வேண்டுமா? தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி மக்களைத் திரட்டினார். நாடு முழுக்கத் தீண்டாமையை ஆய்வு செய்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அவர். விட்டொழி என்றது அந்தத் தலைமுறை. கையிலெடு என்றது கலைவிழாத் தலைமுறை. இரண்டும் எதிரெதிர் என்று பலர் பேசுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அடிக்க மாட்டேன் என்று ஒருவரால் சொல்ல முடிந்த பிறகுதான், அவர் அடிப்பது கலையாகிறது. அதற்கு முன்னால் எவ்வளவு அழகாக அடித்தாலும் அது வெட்டி வேலை. இளையபெருமாள் கதவைத் திறந்தார், கலைஞர்கள் அந்தக் கதவு வழியாக மேடைக்கு வந்தார்கள். முதல் வேலை முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்த ஊர்களில் நாம் கலையின் பெருமையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால், கட்டாயத்துக்குப் பொன்முலாம் பூசுகிறோம் என்று அர்த்தம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினரிடம் கட்டாய வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. சாவுக்கு வந்து அடி, இல்லையென்றால் பார் என்று ஒருவர் மிரட்டினால் அது ஊர் வழக்கமில்லை, குற்றம். இதை ஒவ்வொரு தெருவிலும் சொல்ல வேண்டிய வேலை உங்களுடையது.

கடைசியாக, நம்மைப் பற்றியும் பேச வேண்டும். முற்போக்கு மேடைகளில் கூட்டம் தொடங்கும் முன் பறை முழக்கம் உண்டு. பேச வருபவருக்கு ரயில் டிக்கெட், அறை, சால்வை. பறைக் குழுவுக்கு என்ன? "தோழர்தானே, நம்ம நிகழ்ச்சிதானே" என்ற ஒரு வார்த்தை. ஊர்க்காரர் சாதியைச் சொல்லி இலவசமாக வாங்கியதை நாம் தோழமையைச் சொல்லி வாங்குகிறோம். அழைப்பிதழில் பேச்சாளர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும், கீழே 'பறை முழக்கம்' என்று மட்டும் இருக்கும். முழங்கியது யார்? பறை தானாக முழங்குமா?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. நாளைக்கே செய்யக்கூடியவை. பறைக் குழுவையோ டிரம்ஸ் வாசிப்பவரையோ கூப்பிட்டால் கூலியை முன்கூட்டியே பேசுங்கள், பாதியை அட்வான்ஸாகக் கொடுங்கள். எத்தனை மணி நேரம் என்று சொல்லுங்கள், அதற்கு மேல் போனால் கூடுதல் கூலி. பேச்சாளர் சாப்பிடும் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடுங்கள். அழைப்பிதழிலும் காணொளியிலும் ஒவ்வொருவர் பெயரையும் போடுங்கள். தங்கள் வீட்டுச் சாவுக்குத் தங்கள் விருப்பத்தில் அடிப்பவரைக் கேலி செய்யாதீர்கள். அடுத்தவர் சாவுக்குப் போக மறுத்தவருக்கு வேலை போனால், அந்த வாரம் அவர் வீட்டு உலை எரிகிறதா என்று போய்ப் பாருங்கள். இன்று அலுவலகத்திலும் கல்லூரியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கரிசல் ஊர்களின் கலைஞர்களைச் சங்கமாக்க உதவுங்கள். அரசின் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்யப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் இயக்க வேலைதான்.

என் தாத்தா அடித்த அடி இன்னும் என் வலது கையில் இருக்கிறது. அதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவளிடம் நான் போட்டிருக்கும் நிபந்தனை ஒன்றுதான். யாராவது கூப்பிட்டால் முதலில் யோசி, பிடித்திருந்தால் கூலியைப் பேசு, பிடிக்கவில்லையென்றால் வரமாட்டேன் என்று சொல். தாளம் அதற்குப் பிறகு.